ஏழு மாதத்துக்கு நான்கு நாள் குறைவு

சப்மிட் என்ற பெயருக்கு அடங்கிப் போ என்று அர்த்தம். எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள்: பொறுமை, நன்றி, மௌனம், அடக்கம். பெற்றவர்களுடைய ஆசை. சப்மிட் பிஸ்ஸெல் விஷயத்தில் அந்த ஆசை பெயரோடு நின்றுபோனது.

அவளுக்கும் ஜாபெஸுக்கும் ஜூன் மாதத்தில் கல்யாணம். ஜனவரியில், பனி ஜன்னல் மட்டத்துக்குக் குவிந்து வழியெல்லாம் அடைபட்டுக் கிடந்த ஒரு நாள், அவளுக்குத் திடீரென்று வலி எடுத்தது. மருத்துவச்சியைக் கூட்டிவரப் போன ஜாபெஸ் பாதி வழியில் குதிரையோடு பனியில் மாட்டிக்கொண்டான். மாமியார் டார்க்கஸ்தான் பிள்ளையைக் கையில் வாங்கினாள். ஆண் குழந்தை. அழக்கூடத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தை. கூடையில் கம்பளியைத் திணித்து, அதற்குள் குழந்தையை வைத்து, அடுப்போரத்தை விட்டு நகராமல் அவள் காத்துக் கிடந்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

பிழைத்த பிறகுதான் ஊர் கணக்குப் போட்டது. ஏழு மாதத்துக்கு நான்கு நாள் குறைந்தது. கல்யாணமாகி ஏழு மாதம் நிறையும் முன் பிறந்த பிள்ளை, கல்யாணத்துக்கு முன்பே உண்டான பிள்ளை. அதைப் பெற்றவர்கள் சபை நடுவில் எழுந்து நின்று பாவத்தை ஒப்புக்கொண்டால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். இதுதான் சபை விதி. ஏனோஸ் என்று பெயர் யோசித்து வைத்திருந்த அந்தக் குழந்தை இன்னும் நான்கு நாள் பொறுத்துப் பிறந்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். வயிற்றுக்குள் இருப்பவனுக்குச் சபை விதியை யார் போய்ச் சொல்வது?

விதி பழையது. பல வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு கோடைக்கு முன் ஊர் ஊராகச் சுற்றும் பிரசங்கி ஒருவர் வந்து, மேய்ச்சல் நிலத்தில் வைக்கோல் வண்டி மேல் ஏறி நின்று பேசிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது எழுப்புதல் என்ற பக்தி வேகம். தாடையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெரிய மனிதர்களெல்லாம் புல்லில் விழுந்து புரண்டார்கள். எப்போதோ திருடித் தின்ற ஆட்டை ஒருவர் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். ஆட்டுக்குச் சொந்தக்காரர் அதற்குள் செத்தே போயிருந்தார். பாவத்தைச் சொல்வதும் கேட்பதும் ஊருக்கு ஒரு ருசியாகிவிட்டது. எங்கள் போதகர் ஹோல்கம் நிதானமானவர். எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பவர். அவருக்குள் நெருப்பே இல்லை என்று சொல்லிப் பாதிச் சபை பிரிந்து போய் ஒரு தானியக் கொட்டகையில் கூட ஆரம்பித்தது. மீதிப் பாதியையாவது பிடித்து வைக்க வேண்டுமே என்று மனிதர் பழைய விதிகளையெல்லாம் தூசி தட்டி எடுத்தார். அப்படிக் கையில் வந்தவற்றில் ஒன்று இந்த ஏழு மாத விதி.

சப்மிட் மூன்று முறை உண்மையைச் சொன்னாள். போதகர் வீட்டில் ஒரு முறை, சபை நிர்வாகிகளான டீக்கன்களோடு அவர் வீடு தேடி வந்தபோது ஒரு முறை, திரும்பவும் போதகரிடம் ஒரு முறை. "ஐயா, குழந்தை குறைமாசத்துல பொறந்துச்சு. நாங்க தப்பு செய்யல." அவ்வளவுதான். மூன்று முறையும் அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நோயாளியைப் பார்க்கிற வைத்தியர் மாதிரி அவளைப் பார்த்தார். பிள்ளையை வாங்கிய மாமியார் சாட்சி சொன்னாள். சொந்தக்காரி சாட்சி செல்லாது என்றார்கள்.

செல்லுபடியான சாட்சி டட்டில் அம்மாவுடையது. டீக்கன் டட்டிலின் மனைவி. ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. பனி கொஞ்சம் இளகி வழி திறந்ததும் சபையின் சார்பில் குழந்தையைப் பார்க்க அவள்தான் வந்தாள். கூடையிலிருந்து தூக்கி, விரல்களை விரித்து நகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் காதை இரண்டு விரலால் மெல்ல மடித்தாள். மடித்த காது மடித்தபடியே இருந்தது, திரும்பி நிமிரவில்லை. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடையை அடுப்புக்கு ரொம்ப ஒட்டி வைக்காத, ஒரு பக்கம் காஞ்சுபோவும்" என்று டார்க்கஸிடம் சொன்னாள். "பாலைத் துணியில நனைச்சு வாயில வையி. ஒவ்வொரு சொட்டா. அவசரப்படாத."

அக்கறையாகத்தான் சொன்னாள். அதனால் சப்மிட்டுக்கு நம்பிக்கை வந்தது. மறுநாளே ஊர் முழுக்கச் செய்தி: குழந்தைக்கு நகம் இருக்கிறது, டட்டில் அம்மா கண்ணால் பார்த்தாள். நகம் இருந்தால் நிறைமாதம் என்பது ஊர்க் கணக்கு.

அத்தோடு விட்டிருந்தால் சப்மிட் தாங்கியிருப்பாள். பேசட்டும், பேசிப் பேசி ஓயட்டும் என்று இருந்திருப்பாள். ஆனால் பிப்ரவரியில் தொண்டைக் காய்ச்சல் ஊருக்குள் வந்தது. ஒரே வாரத்தில் தச்சர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் செத்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று. ஏனோஸின் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. காய்ச்சலா, குறைமாத நுரையீரலா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தை நரகத்துக்குப் போகும் என்று போதகர் ஒரு நாளும் சொன்னதில்லை. போகாது என்றும் சொன்னதில்லை. அந்த இரண்டாவதுதான் பெற்றவளைத் தின்றது. சபைக்கு வெளியே, உடன்படிக்கைக்கு வெளியே, பெயர்கூடச் சபையில் சொல்லப்படாமல் அவன் போய்விடுவானா? 

சனிக்கிழமை சூரியன் சாய்வதற்குள் ஓய்வுநாளுக்கான வேலையெல்லாம் முடித்தாக வேண்டும். பானையில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது. ஜாபெஸ் விறகை அடுக்கிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு எழுந்து நிக்கலாம், சப்மிட். போதகர் திங்கக்கிழமை கிழக்கே சபைக் கூட்டத்துக்குக் கிளம்புறாராம். எப்ப திரும்புவாருன்னு அவருக்கே தெரியாதாம்."

"நின்னு?"

"ஆமான்னு ஒரு வார்த்தை."

"கர்த்தர் வீட்டுல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?"

"எனக்கு அது பொய் இல்ல." அவன் காது சிவந்தது. "நான் யோசிச்சுப் பாத்துட்டேன். இச்சையோட பாத்தாலே மனசுல பாவம் செஞ்சாச்சுன்னு வேதத்துல இருக்குல்ல. நான் உன்னை அப்படிப் பாத்திருக்கேன். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஆப்பிள் பறிக்கும்போது. நீ ஏணியில இருந்தே."

கொட்டகைக் கூட்டத்துக்கு நாலு தடவை போய் வந்தவன் அவன். அங்கே கற்றுக்கொண்ட கெட்டிக்காரத்தனம் இது. சப்மிட்டுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"அதனாலதான் நான் குடுத்த கூடையைப் பிடிக்காம உன் தலைமேலயே கொட்டிக்கிட்டியா?"

"சிரிக்காத."

"நீ மனசுல செஞ்சே. சரி, நீ சொல்லு. நான் எதைச் செஞ்சேன்? மனசுலகூட ஒண்ணும் செய்யலப்பா. நீ எங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் பன்னித் தொழுவத்துல இருந்து நேரா வந்தே."

"நாம எல்லாரும் பாவிங்கதானே. ஒண்ணு கூடக் குறைய இருந்தா என்ன?"

"நீ கொட்டகைக்கே போயேன். அங்க உன் பிரசங்கி குடுப்பாரா ஞானஸ்நானம்?"

"அவருக்கு அதிகாரம் இல்ல. குடுத்தா ஜெயில்ல போடுவாங்க. உனக்குத் தெரியாதா?"

டார்க்கஸ் கூடைப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. மூச்சு எப்படி வருதுன்னு கேக்க முடியல."

மூவரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். விசில் சத்தம் வந்தது, நின்றது. மறுபடி வந்தது.

"அத்தே, நீங்க சொல்லுங்க" என்றாள் சப்மிட். "நீங்கதானே கையில வாங்குனீங்க."

"நான் என்னத்தச் சொல்ல? உண்மையைச் சொன்னேன், கெழவி புளுகுறான்னாங்க." டார்க்கஸ் கம்பளியை இழுத்துவிட்டாள். "உன் வாய், உன் மனசாட்சி. ஆனா பிள்ளை எனக்கும் பேரன். அதையும் நெனச்சுக்க."

சப்மிட் எழுந்து அடுப்புப் பானையைக் கிளறினாள். "நீ சொல்ல வேண்டியதை நீ சொல்லு, ஜாபெஸ். பக்கத்துல வந்து நிக்கிறேன். ஆனா என் வாயில இருந்து அது வராது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாபெஸ் போதகரிடம் போய், இருவரும் நிற்போம் என்று சொல்லிவிட்டு வந்தான். மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்பது அவனுக்கே தெரியாது. அதை மட்டும் அவன் போதகரிடம் சொல்லவில்லை.

ஆராதனை வீட்டில் அடுப்பு கிடையாது. பெண்கள் தணல் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. டட்டில் அம்மாவின் மூத்த மகன் ஒபதியா, கதவு நிலையில் முட்டும் உயரம், தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பக் கோலோடு நடுவில் உலாத்திக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்கு வேலையே இல்லை. ஒருவரும் தூங்கவில்லை. விஷயம் கசிந்துவிட்டிருந்தது.

முன் வரிசையில் மில்காரர் வீட்டுப் புது மருமகள் தேங்க்ஃபுல் உட்கார்ந்திருந்தாள். அறுவடை முடிந்து அக்டோபரில் கல்யாணமானவள், பட்டுத் தொப்பி. சப்மிட்டும் ஜாபெஸும் நடைபாதையில் வந்து நின்றபோது, சரியாகத் தெரிய வேண்டும் என்று அவள் தொப்பியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாள்.

போதகர் ஹோல்கம் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தார். மேசை மேல் தகரக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. மேலே பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தது.

"சகோதரன் ஜாபெஸ் பிஸ்ஸெல். விபசாரம் கூடாதுங்கிற ஏழாம் கட்டளைக்கு விரோதமா, விவாகத்துக்கு முன்னால நீ பாவம் செஞ்சியா?"

"செஞ்சேன் ஐயா." குரல் தெளிவாக வந்தது. ஏணியையும் ஆப்பிள் மரத்தையும் நினைத்துக்கொண்டுதான் சொன்னான் என்பது சபையில் சப்மிட்டுக்கு மட்டும் தெரியும். ஆண்கள் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"சகோதரி சப்மிட் பிஸ்ஸெல். நீ?"



வரும் வழியெல்லாம் 'இல்லை ஐயா' என்ற வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்: புருஷன் சபை நடுவில் பொய்யனாவான், அல்லது அவள் கல்நெஞ்சக்காரியாவாள், கல்நெஞ்சக்காரிக்குச் சபை விலக்கு. கிண்ணம் மேசையிலேயே இருக்கும். திங்கட்கிழமை போதகர் போய்விடுவார்.

"சகோதரி?"

சால்வைக்குள் ஏனோஸ் அவள் மார்போடு கிடந்தான். விசில் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. வந்தது, போனது. வந்தது. ஒபதியாவின் கோல்கூட அசையவில்லை. முன் வரிசைப் பட்டுத் தொப்பி அசையவில்லை. டீக்கன் டட்டில் தொண்டையைக் கனைக்க வாய் திறந்து, கனைக்காமலே மூடிக்கொண்டார். ஜாபெஸின் கை அவள் முழங்கைக்கு அருகே வந்து, தொடப் பயந்து நின்றது.

விசில் சத்தம் நின்றது.

அவள் காத்திருந்தாள். வரவில்லை. சால்வையை விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் வாய் திறந்திருந்தது, உதட்டோரம் நீலம். வா, வா, வாடா என்று மனதுக்குள் கத்தினாள். கடவுளிடம் கேட்டாளா, பிள்ளையிடம் கேட்டாளா, அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஒரு சின்ன விக்கல், அதன் பின்னால் மூச்சு.

"ஆமா" என்றாள் சப்மிட். "ஆமா ஐயா. செஞ்சேன். சீக்கிரம் தண்ணியை ஊத்துங்க."

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. அதற்குள் பெண்கள் பக்கம் அழுகை கிளம்பிவிட்டது. மன்னிக்கலாமா என்று டீக்கன் கேட்க, ஆண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். கிண்ணத்துப் பனிக்கட்டியைப் போதகர் விரல் முட்டியால் தட்டி உடைத்தார். குளிர்ந்த நீர் நெற்றியில் பட்டதும் ஏனோஸ் வீறிட்டான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிக் குரலெடுத்து அழுதது அதுதான் முதல் முறை. கிருபை இறங்கிவிட்டது என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள்.

போதகரின் கண் நிறைந்திருந்தது. நல்ல மனிதர், பொய்யாக அழத் தெரியாதவர். "மகளே, மூணு தடவை நீ இல்லைன்னு சொன்னப்பவும் உன் முகத்துல பொய்யைத்தான் பாத்தேன். இன்னைக்குத்தான் உண்மையைப் பாக்கறேன்" என்றார்.

சப்மிட் தலையை ஆட்டினாள். உண்மையை இந்த வீட்டு மனிதர்களிடம் மூன்று முறை சொன்னாள், ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பொய்க்கு ஊரே அழுகிறது. அவள் நெஞ்சில் அந்த நேரம் இருந்தது பாவ உணர்ச்சி இல்லை. அருவருப்பு.

காலை ஆராதனைக்கும் பிற்பகல் ஆராதனைக்கும் நடுவே, வசதியுள்ளவர்கள் பக்கத்தில் கட்டி வைத்திருக்கும் சின்னக் குடிசைகளில் குளிர் காய்வார்கள். எப்போதும் கொட்டிலில் குதிரைகளோடு நின்று ரொட்டி தின்கிற சப்மிட்டை அன்றைக்கு டட்டில் அம்மாவே கையைப் பிடித்துத் தன் குடிசைக்கு இழுத்துப் போனாள். கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சூடாக ஆப்பிள் சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சப்மிட்டின் தோளைத் தொட்டுவிட்டு, தங்கள் ரொட்டியைத் தேடிப் போனார்கள். கடைசியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

டட்டில் அம்மா குனிந்து ஏனோஸின் காதை இரண்டு விரலால் மடித்தாள். இப்போது அது மெல்ல நிமிர்ந்து வந்தது.

"கெட்டியாகிட்டு வருது" என்றாள். "பொழச்சுக்குவான். எங்க மூத்தவனுக்கும் இப்படித்தான். ரெண்டாம் மாசம்தான் காது நிமிந்துச்சு. நெஞ்சுல விசில் மூணு மாசம் வரைக்கும் அடிச்சுது."

சப்மிட் கோப்பையைக் கீழே வைத்தாள். "யாருக்கு?"

"ஒபதியாவுக்கு. உன் பிள்ளையைவிடச் சின்னதா இருந்தான். இப்ப பாரு, கதவுக்குள்ள நுழைய மாட்டேங்குறான்."

"குறைமாசமா?"

"ஏழு மாசத்துக்கு ரெண்டு வாரம் குறைச்சல்னு அப்ப எல்லாரும் எண்ணுனாங்க. பழைய போதகர் காலம் அது. நானும் எழுந்துதான் நின்னேன். அதே எடத்துல." டட்டில் அம்மா கணப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "நாங்க ஒண்ணும் செய்யலடி. என் வீட்டுக்காரரைப் பாத்திருக்கியே. கல்யாணத்துக்கு அப்புறமே அவருக்குத் தைரியம் வர ஒரு வாரம் ஆச்சு."

சப்மிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.  "அப்ப அன்னைக்குக் காதை மடிச்சுப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நகம் இருக்குன்னு போய்ச் சொன்னீங்க."

"நகம் இருந்துச்சுல்ல?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நீங்க சொன்னா கேட்டிருப்பாங்க. என்னை விட்டிருப்பாங்க."

"விட்டிருப்பாங்க" என்று டட்டில் அம்மா ஒப்புக்கொண்டாள். கோபமில்லாமல், நிஜமாகவே பதில் தெரியாதவள் கேட்பதைப்போல அவள் கேட்டாள்: "உன்னை விட்டுட்டா, அப்புறம் நான் எதுக்குடி எழுந்து நின்னேன்?"

இரண்டாம் மணி அடித்தது. டட்டில் அம்மா எழுந்து தணல் பெட்டியில் புதுத் தணலை அள்ளிப் போட்டு, அதை சப்மிட்டின் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே பனியில் நடந்துவிட வேண்டும் என்றுதான் சப்மிட் நினைத்தாள். குழந்தைக்குக் குளிரும். வாங்கிக்கொண்டாள்.

பிற்பகலில் அவளுக்கு டட்டில் அம்மாவின் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. ஜாபெஸ் ஆண்கள் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். மனிதனுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது. அவள் திரும்பிச் சிரிக்கவில்லை. இனி ஒருத்தியை இந்த நடைபாதையில் நிறுத்தினால் எழுந்து கத்திவிடுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நிஜமாகத்தான் சொல்லிக்கொண்டாள். ஏனோஸ் மடியில் வாய் திறந்து தூங்கினான்.

சங்கீதம் பாட எல்லாரும் எழுந்தார்கள். முன் வரிசையில் தேங்க்ஃபுல் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கை ஊன்றி, சிரமப்பட்டு எழுந்தாள். மேலங்கி விலகியது. வயிறு நன்றாகத் தெரிந்தது.

சப்மிட் பாடினாள். பாதிப் பாட்டில்தான் தன் வலது கையைக் கவனித்தாள். சால்வைக்கு அடியில் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி.